அண்ணன் இலையில் கறி இல்லை

சாமி பெயரில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அமுதவள்ளி, "பத்துமலை முருகனுக்கு வேண்டியிருக்கேன், பால் மட்டுந்தான்" என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பால் குடித்தது உண்மை. வேண்டுதல்தான் பொய்.

நிஜம் என்னவென்று நமக்கும் அவள் கணவன் பரமேஸ்வரனுக்கும் மட்டும்தான் தெரியும். வருகிற வியாழக்கிழமை அமுதவள்ளிக்கு வயிற்றில் ஆபரேஷன். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து விடுவார்களாம். உடம்பு குறையும், சர்க்கரையும் இறங்க வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈரலில் உள்ள கொழுப்பு குறைந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்பதற்காகத்தான் இந்தப் பால் சாப்பாடு. நடுவில் சோறு கறி என்று கை வைத்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், தேதி போய்விடும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?

"எங்க அண்ணன், டாக்டர். போன வருஷம். ஹார்ட் அட்டாக்."

யாருக்காவது காலில் ரத்தம் கட்டியதுண்டா?

"இல்ல டாக்டர்" என்றாள் அமுதவள்ளி. தெரிந்ததைத்தான் சொன்னாள், பாவம்.

பரமேஸ்வரன் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் "வேணாம்" என்றார். இன்றுவரை அந்த ஒரு சொல்லை விட்டு அவர் இறங்கவில்லை. நாளை காலை நர்ஸ் நிரஞ்சனி போன் செய்வாள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அமுதவள்ளி பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து இன்றைக்கு அண்ணன் சுகுமாறனுக்கு வருஷப் படையல்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் வீட்டில், பரமேஸ்வரன் வழக்கம்போலச் சந்து முனைக்குப் போய், இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வாங்கி வந்தார். வழக்கம்போல இரண்டு பொட்டலம். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கு இவர் காட்டும் அன்பு அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. போர்ட் கிள்ளானில் லோரிகளை அனுப்பி வைக்கிற வேலை. வாயைத் திறந்தால் லோரிக்காரர்களைத் திட்டத்தான் வரும். கொஞ்சத் தெரியாது. பொட்டலம் வாங்கத் தெரியும்.

அமுதவள்ளி பாலைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது, அவர் வாசலில் நிறுத்தியிருந்த காடிக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டாவது பொட்டலத்தையும் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ரெண்டு வாங்குறீங்க?"

"கை தானா ரெண்டு கேக்குது. நான் என்னா செய்யறது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். வழக்கம்போல எட்டவில்லை. பரமேஸ்வரன் குனிந்து, மூச்சை அடக்கி, அதை மாட்டி விட்டார்.

ஃபெடரல் ஹைவேயில் காடி ஷா ஆலம் தாண்டியது. பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கிற வயித்த யாராச்சும் போய் வெட்டிக்குவாங்களா?"

"எது நல்லா இருக்கு? மூக்குல மெஷின மாட்டிக்கிட்டுத் தூங்குறேன். தொடையில இன்சுலின் போடறது நீங்கதானே?"

"நடந்து கொறைக்கலாம்லா."

"எத்தன வருஷமா நடக்கறேன்? அரிசியை விட்டேன், சீனியை விட்டேன், அந்தச் சீனக் கெழவி குடுத்த டீத்தூள வாங்கிக் குடிச்சேன். கொறைஞ்சது எல்லாம் வட்டியோட திரும்பி வந்துச்சு. முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"மயக்கம் குடுத்து எந்திரிக்கலன்னா?"

அதுதான் விஷயம். இத்தனை நாள் 'வேணாம்' என்ற சொல்லுக்குள் அவர் ஒளித்து வைத்திருந்தது அதைத்தான். அமுதவள்ளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணன் போன வயசு எனக்கும் வரப்போகுதுங்க. செய்யாம இருந்தாலும் எந்திரிக்காமப் போகலாம்."

அவர் முன்னால் போன மோட்டார்சைக்கிள்காரனைக் காரணமில்லாமல் திட்டினார்.

*

பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பூக்கடை வரிசையை மூன்று முறை சுற்றிவிட்டு, குமுதாவின் அடுக்குமாடிக்குள் நுழைந்தபோது அமுதவள்ளிக்கு மூச்சு வாங்கியது. லிஃப்டில் ஏறியதும் மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். மரியாதைக்கு அல்ல. அவளுக்கு அது பழகிப்போனது. பழகினாலும் வலிக்காமல் இருப்பதில்லை.

அண்ணி குமுதா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடத்தில் மெலிந்து போயிருந்தாள்.

"வா அமுதா. வாங்கண்ணே. பசியாறியாச்சா?"

பரமேஸ்வரன் தலையாட்டினார்.

கூடத்தில் சுகுமாறன் படத்துக்கு மாலை. படத்திலும் அவர் அகலமாகத்தான் இருந்தார், அமுதவள்ளியின் அதே கன்னங்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், அப்பளம், உருளைக்கிழங்குப் பெரட்டல், கத்தரிக்காய்க் குழம்பு. ஓரத்தில் அவருக்குப் பிடித்த ஐஸ்கிரீம் சோடா.

அமுதவள்ளி இலையை இரண்டு தடவை பார்த்தாள். ஏதோ குறைந்தது. பிறகு புரிந்தது.

மட்டன் இல்லை. எந்த நாளிலும் மட்டன் பெரட்டல் இல்லாமல் இலையில் உட்காராத மனிதர். ஆடி மாதத்தில் வீட்டில் சைவம் என்றால், கோபித்துக்கொண்டு கீழே கடைக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்.

"அண்ணி, கறி?"

குமுதா மெல்லச் சிரித்தாள். "நீ விரதத்துல இருக்கியே. வீட்டுல கவுச்சி சமைச்சா நீ எப்படி உள்ள வருவ? ஒரே தங்கச்சி நீ வராமப் படையல் போடறதா? அதான் எல்லாத்தையும் சைவமாப் பண்ணிட்டேன். ஒரு வருஷந்தானே, உங்கண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு."

அமுதவள்ளி திரும்பவும் இலையைப் பார்த்தாள். செத்துப்போன அண்ணன் வருடத்துக்கு ஒரு தரம் சாப்பிட வருகிறார். அவர் இலையில் இருந்து கறியை எடுத்தது யார்? இவள்தான். இவள் சொன்ன பொய்தான்.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"விரதம் இல்ல அண்ணி."

"என்னது?"

"விரதமே இல்ல. வியாழக்கிழம எனக்கு ஆபரேஷன். உடம்பு கொறையறதுக்கு. வயித்த வெட்டி சின்னதாக்குறாங்க. அதுக்குத்தான் பாலு. யார்கிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'தின்னு தின்னு பெருத்துட்டு இப்ப வெட்டிக்கப் போறா'ன்னு பேசுவாங்க. அதான் முருகன் பேரச் சொன்னேன்."



முதலில் வாயைத் திறந்தவர் கமலநாதன். சுகுமாறனோடு கேடிஎம் ரயில்வேயில் வேலை பார்த்தவர், பக்கத்து வீடு.

"அலாமாக்! அந்த ஆபரேஷனா? வேணாம்மா. எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா பண்ணிக்கிட்டாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டா வாந்தி. அப்புறம் பழையபடி ஏறிப்போச்சுன்னும் சொன்னாங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் பரமேஸ்வரன் உடனே.

"அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

கமலநாதன் யோசித்தார். "இப்பவா? வேலைக்கு வராங்க. படியேறித்தான் வராங்க. இன்சுலின நிப்பாட்டிட்டதாச் சொன்னாங்க" என்று இழுத்தார். தன் கட்சிக்குத் தானே வேட்டு வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குமுதா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்கிட்டயுமா அமுதா வெக்கம்? உங்கண்ணனோட குடும்பம் பண்ணவ நான். அந்த ஒடம்பு படுற பாடு எனக்குத் தெரியாதா?"

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கமலண்ணே, கீழ கடைக்குப் போய் மட்டன் பெரட்டல் தாப்பாவ் பண்ணி, கட்டி எடுத்துட்டு வாங்க. எலும்போட கேளுங்க. அவருக்கு எலும்போடதான் பிடிக்கும்."

*

கறி வந்தது. இலையின் நடுவில் குமுதா அதைக் கொட்டியதும் வீட்டுக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது. சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். இறந்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. ஆண்கள் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார்கள். நாத்தனாரும் அண்ணியும் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கீழே ரயில் போகிற சத்தம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் குமுதா.

"ரொம்ப அண்ணி. ராத்திரி முழிச்சிக்கிட்டே கிடக்கறேன். செஞ்சுக்கிட்டா என்ன ஆகுமோன்னு பயம். செய்யாட்டி அண்ணன் மாதிரி..."

"டாக்டர்கிட்ட உங்கண்ணனப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். ஹார்ட் அட்டாக்னு."

குமுதா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹார்ட் இல்லயே அமுதா."

"என்னண்ணி சொல்றீங்க?"

"ஜோகூருக்கு பஸ்ல போய்ட்டு வந்தாருல்ல? வந்ததுல இருந்து ஒரு காலு வீங்கிக் கெடந்துச்சு. தைலம் தேச்சு விட்டேன். நாலாம் நாளு மூச்சு முட்டுதுன்னாரு, அவ்வளவுதான். கால்ல ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைச்சிருச்சுன்னு ஹாஸ்பிட்டல்ல அப்புறமாச் சொன்னாங்க."

"எல்லாரும் ஹார்ட்டுன்னுதானே சொன்னாங்க!"

"வந்தவங்க எல்லாரும் 'ஹார்ட் அட்டாக்கா?'ன்னுதான் கேட்டாங்க. நானும் தலைய ஆட்டினேன். அன்னைக்கி நின்னு வெளக்கம் சொல்ற நெலமையிலயா இருந்தேன்? அப்புறம் யாரும் கேக்கல. நானும் சொல்லல."

அமுதவள்ளி சுவரை விட்டு நிமிர்ந்தாள். நம் ஆட்களுக்குத் திடீரென்று யார் போனாலும் ஹார்ட்தான். அப்பா தூக்கத்தில் போனாரே, அதுவும் ஹார்ட். யார் பார்த்தார்கள்? யார் கேட்டார்கள்? காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று டாக்டர் இவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இவளும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். விரதப் பொய்யை இன்றைக்கு உடைக்காமல் இருந்திருந்தால், வியாழக்கிழமை அந்தப் பதிலோடுதான் மேசையில் போய்ப் படுத்திருப்பாள்.

 குமுதா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள்.

*

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். இந்த வீட்டு வழக்கம், படைத்த இலையில் கூடப் பிறந்தவர்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அண்ணனுக்கு மிச்சமிருக்கிற ஒரே கூடப்பிறப்பு அமுதவள்ளி.

கமலநாதன் ஞாபகப்படுத்தினார். "விரதம் இல்லன்னு ஆயிடுச்சே. உக்காரும்மா. உங்கண்ணன் காத்துக்கிட்டு இருப்பாரு."

குமுதா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அமுதவள்ளி கையை ஊன்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனையோ நாள் கழித்து முகத்துக்கு நேராகச் சோறு. மிளகும் சோம்பும் வறுத்த வாசனை. வாயில் எச்சில் ஊறியது. கேட்கவே வெட்கமான விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவளை இழுத்தது பசி மட்டும் அல்ல.

ஒரு வாய் சாப்பிட்டால் போதும், வியாழக்கிழமை போய்விடும். பயம் போய்விடும். அவளாக ஒன்றும் முடிவு செய்ய வேண்டியதில்லை. 'நான் வேணாம்னு சொல்லல, அண்ணன் இலைய எப்படித் தட்டறது?' என்று காலமெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர்கூடக் கோபித்துக்கொள்ள முடியாது.

அவள் விரல்கள் சோற்றைத் தொட்டன. கறியோடு சேர்த்துப் பிசைந்தன.

"தள்ளு."

பரமேஸ்வரன் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, வழக்கம் அது இல்லயே..." என்றார் கமலநாதன்.

"மச்சான் இலைய மச்சான் சாப்பிட்டா குத்தமா?"

குமுதாதான் பதில் சொன்னாள். "சாப்பிடுங்கண்ணே. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்ட மனிதர், அந்த இலையை முழுதாகச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடவில்லை. சாப்பிடும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரமாக இறங்கியது. காரம் என்று யாரும் நினைக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது அமுதவள்ளி பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினாள்.

*

திரும்பி வரும்போது சாயங்கால வெயிலில் கண் கூசியது.

"எதுக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "நான் ஒரு வாய் தின்னுருந்தா நீங்க கேட்டது நடந்திருக்கும்ல?"

"வேணாம்னா உன் வாயால சொல்லு. நான் கேட்டுக்கறேன். மச்சான் சோத்து மேல பழி போடாத."

பிடிபட்டுப் போனாள். லோரிக்காரன் எந்தச் சந்தில் நுழைந்து டிமிக்கி கொடுப்பான் என்று தெரிந்தவரிடம் இவள் ஒளிய முடியுமா?

அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. இத்தனை நாள் அவர் 'வேணாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் தன் பயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இனிமேல் சண்டை போட எதிரில் ஆள் இல்லை.

போனை எடுத்தாள். நர்ஸ் நிரஞ்சனியின் எண்ணுக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

"சிஸ்டர், அமுதவள்ளி பேசறேன். டாக்டர்கிட்ட நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க அண்ணனுக்கு ஹார்ட் இல்ல. கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கு. அண்ணி சொல்லி இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்பா எப்படிப் போனாருன்னும் எங்களுக்குச் சரியாத் தெரியாது. எனக்கும் அந்த மாதிரி வருமா? டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

 பரமேஸ்வரன் வேகத்தைக் குறைத்து இடது பக்கமாக ஒதுங்கி ஓட்டினார்.

சுபாங் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. டாக்டரிடம் பேசிவிட்டேன், சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம், நாளை காலை முதல் ஆளாக வாருங்கள், அண்ணியையும் கூட்டி வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

"டாக்டரே வேணாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் பரமேஸ்வரன்.

"அழுவேன்."

"மருந்து போட்டுச் செய்யலாம்னு சொல்லிட்டா?"

அமுதவள்ளி எட்டாத பெல்ட்டைக் கையில் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக் கிளம்பும்போது அதை மாட்டி விட அவர் மறந்துவிட்டார்.

"அதுக்கும் அழுவேங்க."

அவர் காடியை ஓரமாக நிறுத்தினார். குனிந்து, மூச்சை அடக்கி, பெல்ட்டை மாட்டினார். நிமிரும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு நானும் உள்ள வரேன். வியாழக்கிழமன்னு ஒண்ணு வந்தா, அந்தக் கதவு வரைக்கும் வரேன். அதுக்கு அந்தப் பக்கம் விட மாட்டாங்களாமே."

"விட மாட்டாங்க."

"அப்ப வெளிய நிக்கறேன். நீ வர்ற வரைக்கும் நிக்கறேன்."